இடப்பக்கம் நகர்ந்தால் உழைக்கும் மக்களின் வாக்கு வருமா?

ஓர் இடதுசாரிக் கட்சி தோற்றால் மறுநாள் காலையிலேயே இரண்டு விளக்கங்கள் வந்துவிடுகின்றன. கட்சி அளவுக்கு மீறி இடப்பக்கம் போய்விட்டது, சாதாரண உழைப்பாளி மிரண்டு விலகிவிட்டார் என்பது ஒன்று. கட்சி நடுவிலேயே நின்று வெளுத்துப்போனது, உழைப்பாளிக்கு அதில் தன் முகம் தெரியவில்லை என்பது மற்றொன்று. 2019இல் பிரிட்டனின் தொழிற்கட்சி தோற்றபோதும், 2024இல் அமெரிக்க ஜனநாயகக் கட்சி தோற்றபோதும், 2025இல் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சி 16.4 சதவீதத்துக்கு இறங்கியபோதும் இதே இரண்டு குரல்கள்தான். செய்தி படிப்பவருக்கு எதை நம்புவது என்று தெரியாமல் போகிறது.

இரு தரப்பிடமும் பாதி உண்மை இருக்கிறது. அதைப் பிரித்தெடுக்க, கேள்விக்குள்ளேயே இருக்கும் சொற்களிலிருந்து தொடங்க வேண்டும்.

## மூன்று சொற்கள்

1. உழைக்கும் வர்க்கம். இதை அளக்கக் குறைந்தது நான்கு கோல்கள் உண்டு: செய்யும் வேலை, வருமானம், படிப்பு, ஒருவர் தன்னை எந்த வர்க்கமாக நினைக்கிறார் என்பது. நான்கும் நான்கு விதமான விடை தரும். அமெரிக்கச் செய்திகளில் உழைக்கும் வர்க்கம் என்றால் பெரும்பாலும் கல்லூரிப் பட்டம் இல்லாதவர்கள். அந்தக் கணக்கில், பத்து லாரி வைத்திருக்கும் முதலாளியும் உள்ளே வந்துவிடுவார். பட்டம் வாங்கிவிட்டுக் காபிக் கடையில் மணிக்கூலிக்கு நிற்கும் இளைஞர் வெளியே போய்விடுவார். பிரிட்டனில் தொழிலை வைத்துப் பிரிக்கிறார்கள். ஆனால் அரசு ஓய்வூதியத்தை மட்டுமே நம்பி வாழும் முதியவர்களையும் அதன் கடைசித் தட்டில் சேர்க்கிறார்கள். வீட்டுக் கடனை அடைத்து முடித்த எழுபது வயதுக்காரரும், வாடகை கட்டத் திணறும் இருபத்தைந்து வயதுக் கிடங்குத் தொழிலாளியும் ஒரே கட்டத்துக்குள் வருகிறார்கள். இருவரும் ஒரே மாதிரி வாக்களிப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

2. இடது. இந்தச் சொல்லுக்குள் இரண்டு அச்சுகள் இருக்கின்றன. ஒன்று பொருளாதார அச்சு: ஊதியம், வரி, தொழிற்சங்க உரிமை, பொதுத்துறை, வாடகை, மருத்துவம். இன்னொன்று பண்பாட்டு அச்சு: குடியேற்றம், தேசிய அடையாளம், குற்றத்துக்கான தண்டனை, பாலினம், மதம். முதல் அச்சில் இடப்பக்கம் இருப்பவர் இரண்டாவதில் வலப்பக்கம் இருக்கலாம். இப்படிப்பட்ட வாக்காளர்கள் பல நாடுகளில் ஏராளமாக இருக்கிறார்கள். இவர்களுக்கு முழுசாகப் பொருந்தும் கட்சிதான் அரிது. "கட்சி இடப்பக்கம் போனது" என்று யாராவது சொன்னால், எந்த அச்சில் என்று கேட்காமல் மேலே போவதில் பயனில்லை.

3. வாக்கை வெல்வது. எதிரணிக்கு வாக்களித்தவரை இழுப்பது, வாக்களிக்காமல் வீட்டில் இருந்தவரை வெளியே கொண்டுவருவது, இருப்பவரைப் போகவிடாமல் வைத்திருப்பது. மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஒன்றுக்கு உதவும் மருந்து மற்றொன்றைக் கெடுக்கலாம்.

## தலைகீழான கணக்கு

ராபர்ட் ஆல்ஃபோர்டு என்ற சமூகவியலாளர் 1960களில் ஓர் எளிய அளவுகோலைத் தந்தார். உடலுழைப்புத் தொழிலாளர்களில் எத்தனை சதவீதம் பேர் இடதுசாரிக் கட்சிக்கு வாக்களித்தார்களோ, அதிலிருந்து மற்றவர்களில் அப்படி வாக்களித்தவர்களின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். அன்றைய பிரிட்டனில் அந்த விடை 40ஐ ஒட்டி இருந்தது. 2019 தேர்தலில் அது ஏறக்குறைய பூஜ்யம். உழைக்கும் வர்க்கத் தட்டுகளில் பழமைவாதக் கட்சிக்குக் கிடைத்த முன்னிலை, நடுத்தர வர்க்கத்தில் கிடைத்ததைவிடப் பெரிதாக இருந்தது.

இது ஒரு நாட்டுக் கதை என்று ஒதுக்க முடியாது. பிரெஞ்சுப் பொருளாதார அறிஞர் தோமா பிக்கெட்டியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 21 மேற்கத்திய ஜனநாயகங்களில் 1948 முதல் 2020 வரையிலான வாக்களிப்பைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில் படிப்பும் வருமானமும் குறைந்தவர்கள் இடதுசாரிக் கட்சிகளோடு நின்றார்கள். இன்று அதிகம் படித்தவர்கள் இடப்பக்கம், அதிக வருமானம் உள்ளவர்கள் வலப்பக்கம் என்று இரண்டும் பிரிந்துவிட்டன. இந்த மாற்றம் ஒரு தலைவராலோ ஒரு தேர்தல் அறிக்கையாலோ வந்ததில்லை. ஐம்பது அறுபது ஆண்டுகளாக மெல்ல நடந்தது.

இதன் பின்னால் பல காரணங்கள். சுரங்கமும் உருக்காலையும் மூடின. படித்தவர்களின் எண்ணிக்கை பெருகியது. கட்சிகள் பொருளாதாரத்தில் ஒன்றுபோலப் பேசத் தொடங்கியதும் பண்பாட்டுச் சண்டை முன்னுக்கு வந்தது. இவற்றோடு, போதிய கவனம் பெறாத ஒன்று தொழிற்சங்கத்தின் தேய்வு. 1979இல் பிரிட்டனில் 1.3 கோடிப் பேர் சங்க உறுப்பினர்கள். அதற்குப் பிறகு அந்த உயரத்தை யாரும் பார்க்கவில்லை. அமெரிக்காவில் 1983இல் தொழிலாளர்களில் 20.1 சதவீதம் பேர் சங்கத்தில் இருந்தார்கள், 2024இல் 9.9 சதவீதம். சங்கம் கூலிப் பேச்சுவார்த்தை மட்டும் நடத்தவில்லை. "இந்தச் சட்டம் உன் சம்பளத்தில் என்ன செய்யும்" என்று பக்கத்தில் நிற்கும் தோழரே சொல்வதற்கு அது இடம் கொடுத்தது. அது போனபின் கட்சியின் கொள்கை தொழிலாளியை வந்து சேர்வது தொலைக்காட்சி வழியாகவும் கைபேசி வழியாகவும்தான். அங்கே சம்பளச் செய்தியைவிடச் சண்டைச் செய்திதான் வேகமாக ஓடும்.

## பிரிட்டன்: ஒரே தலைவர், இரண்டு முடிவுகள்

இந்த விவாதத்துக்குப் பிரிட்டனைப் போல நல்ல சோதனைக் களம் வேறில்லை.

2017இல் ஜெரமி கோர்பின் தலைமையில் தொழிற்கட்சி, பல பத்தாண்டுகளில் காணாத அளவு இடதுசாரியான தேர்தல் அறிக்கையோடு வந்தது. ரயில், தபால், தண்ணீர் மீண்டும் பொதுத்துறைக்கு. பல்கலைக்கழகக் கட்டணம் ரத்து. ஆண்டுக்கு 80,000 பவுண்டுக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்குக் கூடுதல் வருமான வரி. படுதோல்வி வரும் என்றார்கள். வந்தது 40 சதவீத வாக்கு. ஆட்சி கிடைக்கவில்லை, ஆனால் பழமைவாதக் கட்சிப் பிரதமர் தெரசா மே தன் பெரும்பான்மையை இழந்தார்.

இரண்டரை ஆண்டு கழித்து அதே தலைவர், இன்னும் இடதுசாரியான அறிக்கை. வாக்கு 32 சதவீதம், இடங்கள் 202. 1935க்குப் பிறகு அவ்வளவு குறைந்த இடங்களை அந்தக் கட்சி பார்த்ததில்லை. 1950இல் உருவான நாள் முதல் தொழிற்கட்சியையே தேர்ந்தெடுத்த போல்சோவர் என்ற பழைய சுரங்கத் தொகுதியும் போனது.

பொருளாதாரக் கொள்கையின் திசை இரண்டு முறையும் ஒன்றுதான். அப்படியானால் 40க்கும் 32க்கும் இடையிலான தூரத்தை அது விளக்காது. மாறியவை வேறு:

1. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் கேள்வி. 2017இல் கட்சி, 2016 பொது வாக்கெடுப்பின் முடிவை ஏற்பதாகச் சொன்னது. 2019இல் இரண்டாவது வாக்கெடுப்பு நடத்துவோம் என்றது. விலக வேண்டும் என்று பெரும்பான்மையாக வாக்களித்த சுரங்க, துறைமுக ஊர்களில் இது "உங்கள் வாக்கு செல்லாது" என்று காதில் விழுந்தது.

2. நம்பகம். இலவச அகலப்பட்டை இணையம், ஓய்வூதிய வயது மாற்றத்தால் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு 58 பில்லியன் பவுண்டு என்று வாக்குறுதிகள் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. தனித்தனியாகக் கேட்டால் அவற்றில் பலவும் மக்களுக்குப் பிடித்தவையே. மொத்தமாகப் பார்த்தபோது "இதையெல்லாம் செய்ய முடியுமா" என்ற சந்தேகம் முந்திக்கொண்டது.

3. தலைவர் மீதான மதிப்பு. இடைப்பட்ட இரண்டரை ஆண்டில் அது வெகுவாகச் சரிந்திருந்தது.

சரி, அப்படியானால் 2017 ஓர் இடதுசாரி வெற்றி என்று எடுத்துக்கொள்ளலாமா? அவசரப்படக் கூடாது. அதே 2017 தேர்தலில் தொழிற்கட்சி, 1923 முதல் தன்னிடம் இருந்த மான்ஸ்ஃபீல்டு சுரங்கத் தொகுதியை இழந்தது. நாட்டின் பணக்காரத் தொகுதிகளில் ஒன்றான கென்சிங்டனை 20 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. இடப்பக்கம் நகர்ந்தது வாக்குகளைக் கொண்டுவந்தது உண்மை. ஆனால் வந்தவர்களில் இளைஞர்கள், வாடகைக்குக் குடியிருப்பவர்கள், படித்த நகரவாசிகள் அதிகம். அவர்களில் பலர் குறைந்த சம்பளக்காரர்கள்தான் என்பதையும் மறக்கக் கூடாது.

மையவாதிகளுக்கும் இந்தக் கதையில் ஆறுதல் இல்லை. டோனி பிளேர் 1997இல் வென்றபோது கட்சி பெற்ற வாக்குகள் 1.35 கோடி. 2010இல் 86 லட்சம். இடையில் போன ஏறக்குறைய 50 லட்சம் வாக்குகளும் மையப் பாதையில் நடந்த காலத்தில் போனவை. அவர்களில் பலர் உடனே எதிரணிக்குத் தாவவில்லை, வாக்குச்சாவடிக்கே போவதை நிறுத்தினார்கள். 1997இல் 71 சதவீதமாக இருந்த வாக்குப்பதிவு 2001இல் 59 ஆக விழுந்தது. தொழிற்கட்சியின் கோட்டையான லிவர்பூல் ரிவர்சைடு தொகுதியில் அந்த ஆண்டு பதிவானது வெறும் 34 சதவீதம். கட்சிக்கு இடங்கள் பெரிதாகக் குறையாததால் இந்த எச்சரிக்கை யார் காதிலும் ஏறவில்லை. பதினைந்து ஆண்டு கழித்து, விலகலா வேண்டாமா என்ற வாக்கெடுப்பில் அப்படி ஒதுங்கியிருந்தவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். பழைய கட்சிப் பற்று அப்போது அவர்களிடம் இல்லை.

2024இல் கெய்ர் ஸ்டார்மர் மையத்துக்குத் திரும்பி 411 இடங்களை அள்ளினார். வாக்குக் கணக்கைப் பாருங்கள்: 33.7 சதவீதம், சுமார் 97 லட்சம் வாக்குகள். தோற்றுப்போன 2019இல் கிடைத்தது 1 கோடியே 2 லட்சத்துக்கு மேல். வலதுசாரி வாக்கு இரண்டாக உடைந்ததுதான் அந்த இடங்களைத் தந்தது.

## கொள்கைக்கு ஆம், கட்சிக்கு இல்லை

அமெரிக்காவில் பல மாநிலங்களில் வேட்பாளர்களோடு சேர்த்துத் தனிக் கொள்கைகளையும் மக்கள் வாக்குக்கு விடுகிறார்கள். ஒரே நாளில், ஒரே மக்கள், கொள்கைக்கு ஒரு மாதிரியும் கட்சிக்கு ஒரு மாதிரியும் வாக்களிப்பதை அங்கே நேரடியாகப் பார்க்கலாம்.

1. ஃபுளோரிடா, 2020. குறைந்தபட்ச ஊதியத்தை மணிக்கு 15 டாலராக உயர்த்தும் திருத்தம் ஏறக்குறைய 61 சதவீத ஆதரவோடு நிறைவேறியது. அதை ஆதரித்தவர் ஜோ பைடன். மாநிலத்தை வென்றவர் டொனால்டு டிரம்ப்.

2. மிசௌரி, 2018. சங்கச் சந்தாவைக் கட்டாயமாக்கக் கூடாது என்று சொல்லித் தொழிற்சங்கங்களை வலுவிழக்கச் செய்யும் சட்டத்தை ஆகஸ்டில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் நிராகரித்தார்கள். நவம்பரில் ஊதிய உயர்வுக்கு 62 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் செனட்டர் தோற்றார்.

3. நெப்ராஸ்கா, 2024. சம்பளத்தோடு கூடிய நோய் விடுப்புக்கு ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு ஆதரவு. அதிபர் தேர்தலில் கமலா ஹாரிசுக்கு 39 சதவீதம்தான்.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகிறது. பொருளாதாரத்தில் இடப்பக்கம் இருப்பதால் உழைப்பவர்கள் விலகுவதில்லை. அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. ஆனால் பிடித்த கொள்கை, அதைச் சொல்லும் கட்சிக்குத் தானாக வாக்காக மாறுவதும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. "இன்னும் இடப்பக்கம் போ", "மையத்துக்கு வா" என்ற இரண்டு ஆலோசனைகளும் அந்தப் பள்ளத்தைக் கண்டுகொள்ளாமல் பேசுகின்றன என்பதுதான் என் முக்கியமான மனக்குறை.

## பண்பாட்டில் வலப்பக்கம் போனால்?

பொருளாதாரத்தில் இடது, குடியேற்றத்தில் கடுமை என்ற கலவையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். எப்போதும் காட்டப்படும் உதாரணம் டென்மார்க். மெட்டே ஃபிரெடரிக்சனின் சமூக ஜனநாயகக் கட்சி இந்தக் கலவையோடு 2019இல் ஆட்சிக்கு வந்தது. குடியேற்ற எதிர்ப்பைப் பேசிய டேனிஷ் மக்கள் கட்சி 21.1இலிருந்து 8.7 சதவீதத்துக்கு விழுந்தது. அதே சமயம் சமூக ஜனநாயகக் கட்சியின் சொந்த வாக்கு 26.3இலிருந்து 25.9 ஆனது. ஒரு பக்கம் தொழிலாளர்கள் திரும்பி வந்தார்கள், மறுபக்கம் படித்த நகரவாசிகள் மற்ற இடதுசாரிக் கட்சிகளுக்குப் போனார்கள். விகிதாசாரத் தேர்தல் முறையில் அப்படிப் போனவர்களும் கூட்டணிக்குள்ளேயே இருந்ததால் ஆட்சி கிடைத்தது. ஒரு தொகுதிக்கு ஒரே வெற்றியாளர் என்ற முறை உள்ள நாட்டில் இதே கணக்கு கட்சியைக் கவிழ்த்திருக்கலாம்.

ஜெர்மனியில் சாரா வாகன்க்னெஷ்ட் 2024இல் தொடங்கிய கட்சியும் இதே கலவைதான். 2025 பிப்ரவரியில் 4.98 சதவீதம் பெற்று, நாடாளுமன்றத்தில் நுழையத் தேவையான 5 சதவீத வரம்பை மயிரிழையில் தவறவிட்டது. குடியேற்ற எதிர்ப்பை முதன்மையாகக் கருதிய தொழிலாளர்களுக்கு 'ஜெர்மனிக்கான மாற்று' கட்சி ஏற்கெனவே இருந்தது. வாக்குச்சாவடிக் கணிப்பின்படி தொழிலாளர்களில் 38 சதவீதம் பேர் அதற்கு வாக்களித்தார்கள். அந்தக் கட்சியின் பொருளாதாரத் திட்டம் வரிக்குறைப்பையும் சந்தையையும் சார்ந்தது. தொழிலாளிக்குச் சாதகமான அம்சங்களை அதில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

## நம்பிக்கை எப்படி உருவாகிறது

மேலே சொன்ன பள்ளத்தைத் தாண்டிய சில உதாரணங்களும் உண்டு. ஆஸ்திரியாவின் இரண்டாவது பெரிய நகரமான கிராட்ஸில் 2021இல் கம்யூனிஸ்ட் கட்சி 28.8 சதவீதம் பெற்று முதலிடம் பிடித்தது. எல்கே கார் மேயரானார். தேசிய அளவில் அந்தக் கட்சி 2019இல் ஒரு சதவீதம்கூடப் பெறவில்லை. கொள்கைப் பெயரைப் பார்த்து வாக்களிப்பதாக இருந்தால் இது நடந்திருக்கவே முடியாது. நடந்ததற்குக் காரணம் முப்பதாண்டு வேலை. 1990களிலிருந்து வாடகைதாரர்களுக்கு அவசரத் தொலைபேசி உதவி. வீட்டு உரிமையாளர் வழக்குப் போட்டால் சட்ட ஆலோசனை. பதவியில் இருப்பவர்கள் ஒரு திறன்மிக்க தொழிலாளியின் சம்பளத்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைக் கஷ்டப்படுபவர்களுக்குக் கொடுப்பது. அந்த நகரத்தில் பலருக்கு அந்தக் கட்சி என்றால் வாடகைப் பிரச்சினையைத் தீர்த்துவைத்த ஆள்.

மெக்சிகோவில் இது நாட்டு அளவில் நடந்தது. 2018இல் ஒரு நாள் குறைந்தபட்ச ஊதியம் 88 பெசோ, 2024இல் 249. விலைவாசி உயர்வைக் கழித்தாலும் இரட்டிப்பு. ஆண்டு விடுமுறையின் தொடக்க அளவு 6 நாளிலிருந்து 12 நாளானது. ஆளும் இடதுசாரி மொரேனா கட்சியின் அதிபர் வேட்பாளருக்கு 2018இல் 53 சதவீதம், 2024இல் ஏறக்குறைய 60 சதவீதம். சம்பளக் கவரைத் திறக்கும்போதே தெரியும் மாற்றம் அது.

இங்கே நேர்மையாக எதிர் உதாரணத்தையும் வைக்க வேண்டும். பைடன் அரசு, மத்திய மாநிலங்களின் லாரி ஓட்டுநர் ஓய்வூதிய நிதி மூழ்கும் நிலையில் இருந்தபோது சுமார் 36 பில்லியன் டாலர் கொடுத்து 3.5 லட்சம் பேரின் ஓய்வூதியத்தைக் காப்பாற்றியது. 2023 செப்டம்பரில் வாகனத் தொழிலாளர்களின் வேலைநிறுத்த மறியலில் பைடனே போய் நின்றார். பதவியில் இருக்கும் எந்த அதிபரும் அதற்கு முன் அப்படி நின்றதில்லை. ஆனால் அந்த ஓட்டுநர்களின் சங்கமான டீம்ஸ்டர்ஸ் 2024இல் யாருக்கும் ஆதரவு இல்லை என்று ஒதுங்கிவிட்டது. வெட்டப்படாமல் போன ஓய்வூதியம் யார் கண்ணுக்கும் தெரியாது. எதுவும் மாறாதது போலத்தான் இருக்கும். 2022 ஜூனில் 9.1 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கமோ ஒவ்வொரு வாரமும் கடையில் கண்ணில் பட்டது. நல்லது செய்தால் போதாது, வீட்டுச் செலவு அதைவிட வேகமாக ஏறினால் எடுபடாது என்பதை அந்தத் தேர்தல் காட்டியது.

## பெரும்பான்மைக் கணக்கு

இன்னொரு பழைய சிக்கலையும் தாண்டிவிட முடியாது. அரசியல் அறிஞர் ஆடம் பிஷெவோர்ஸ்கி சுட்டிக்காட்டியது: ஆலைத் தொழிலாளர்கள் எந்த நாட்டிலும் தனியாக வாக்காளர்களில் பெரும்பான்மை ஆனதில்லை. வெல்ல வேண்டுமானால் கட்சி மற்றவர்களையும் சேர்த்தாக வேண்டும். எல்லோருக்குமான கட்சியாகப் பேசப் பேச, தொழிலாளி அதைத் தன் கட்சியாக நினைப்பது குறையும். ஹெர்பர்ட் கிட்ஷெல்ட், சில்யா ஹாய்சர்மன் போன்றோரின் ஐரோப்பிய ஆய்வுகள் இதற்கு ஒரு துணைத் தகவல் தருகின்றன: சமூக ஜனநாயகக் கட்சிகள் இழந்த வாக்காளர்களில் தீவிர வலதுசாரிக்கு நேராகப் போனவர்கள் சிறுபான்மைதான். பசுமைக் கட்சிகளுக்கும் மைய வலதுசாரிகளுக்கும் போனவர்கள்தான் அதிகம்.

அதோடு, இன்றைய உழைக்கும் வர்க்கம் தலைக்கவசம் போட்ட ஆலைத் தொழிலாளி மட்டும் கிடையாது. முதியோரைக் கவனிக்கும் பெண், பொட்டலம் கொண்டுவருபவர், அலுவலகம் துடைப்பவர், கடையில் பில் போடுபவர். இவர்களில் பலர் குடியேறியவர்கள். பலருக்கு அந்த நாட்டில் வாக்கே இல்லை. குடியேற்றத்தில் கடுமை காட்டி உழைப்பவரை வெல்வது என்று பேசும்போது, எந்த உழைப்பவர் என்ற கேள்வி உடனே எழுகிறது.

வேட்பாளர் பட்டியலையும் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உடலுழைப்பு வேலையிலிருந்து வந்த உறுப்பினர்கள் 1979இல் ஏறக்குறைய 16 சதவீதம், 2015இல் சுமார் 3 சதவீதம். தொழிலாளிக்காகப் பேசும் கட்சியில் தொழிலாளி நிற்பதே அரிதானபின், பேச்சு எவ்வளவு இடப்பக்கம் போனாலும் கேட்பவருக்கு அது வெளியாள் குரலாகவே இருக்கும்.

நெப்ராஸ்காவில் 2024 செனட் தேர்தலில் நின்ற டேன் ஆஸ்போர்ன் 2021இல் ஒமாஹாவில் கெல்லாக்ஸ் ஆலை வேலைநிறுத்தத்தை நடத்திய மெக்கானிக். எந்தக் கட்சியின் ஆதரவும் வேண்டாம் என்று சுயேச்சையாக நின்றார். எல்லைப் பாதுகாப்பில் கடுமை பேசினார். சம்பளத்திலும் சங்க உரிமையிலும் பெரிய நிறுவனங்களின் கைவரிசையிலும் வளைந்து கொடுக்கவில்லை. 46 சதவீதத்துக்கு மேல் வாங்கினார், ஹாரிஸைவிட ஏழு புள்ளிக்கு மேல் அதிகம், இருந்தும் தோற்றார். தேர்தல் முடிந்ததும் நீராவிக் குழாய் பொருத்தும் தன் வேலைக்குத் திரும்பினார். வேலைக்குப் போகும் சாதாரண ஆட்கள் தேர்தலில் நிற்க உதவ ஒரு நிதியையும் தொடங்கினார். 2026இல் மீண்டும் நிற்பதாக அறிவித்தார்.